ஆட்கடத்தலிலிருந்தும் சித்திரவதையிலிருந்தும் மீண்டவர்களுக்கான சட்ட உதவி: வழக்கறிஞர் அல்லாத தன்னார்வலருக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி
பதிவிட்டவர்: பதிவேட்டுக்காரி

அனைவருக்கும் வணக்கம். நான் 22 ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில் பணியாற்றி, சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றவள். சட்டம் படித்தவள் அல்ல. ஆட்கடத்தலுக்கும் சித்திரவதைக்கும் ஆளாகி மீண்டு வந்தவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஒரு தொண்டு அமைப்பு தன்னார்வலர்களைத் தேடுவதை அறிந்து, விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்தேன். வாரத்தில் ஒரு முழுநாள் வீதம் குறைந்தது ஆறு மாதங்கள் வர வேண்டும் என்றும், தமிழும் ஆங்கிலமும் நன்றாக எழுதத் தெரிந்தால் நல்லது என்றும், சட்டப் பட்டம் கட்டாயமில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது.

படிவம் மூன்று வாரமாக மேசைமேல் கிடக்கிறது. வேலை இன்னதென்பதை "வழக்குக் கோப்புகளில் உதவுதல்" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நாள் முழுவதும் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு வருவதற்குத்தான் அழைக்கிறார்களோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அதற்கு நேர்மாறாக, ஒருவர் தாம் பட்டதையெல்லாம் என்னிடம் சொல்லத் தொடங்கினால் என்ன செய்வேன் என்ற அச்சமும் இருக்கிறது. நான் எளிதில் கண் கலங்குபவள். கடைசியாக, "இதைப் போன்ற அனுபவம் உங்களுக்கோ உங்களுக்கு நெருங்கியவர்களுக்கோ நேர்ந்ததுண்டா?" என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை எதற்குக் கேட்கிறார்கள்? இத்துறையில் பழகியவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: மேல்முறையீடு

வணக்கம் அம்மா. புகலிட வழக்குகளிலும் (சொந்த நாட்டுக்குத் திரும்ப அஞ்சி வேறு நாட்டில் பாதுகாப்புக் கேட்பவர்களின் வழக்குகள்) ஆட்கடத்தல் வழக்குகளிலும் பதினைந்து ஆண்டுகளாக ஆஜராகி வருகிறேன். சட்டமும் நடைமுறையும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் எங்கும் பொருந்தக்கூடியவற்றை மட்டுமே சொல்கிறேன். பதிவேட்டுப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்த ஒருவர் வருகிறார் என்றால், இரண்டு சட்ட மாணவர்களை விட்டுக்கொடுத்தாவது அவரை எங்கள் அலுவலகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்வேன். (மாணவர்கள் மன்னிக்கவும்.)

என் அனுபவத்தில், இவ்வழக்குகள் சட்ட நுணுக்கத்தில் தோற்றதைவிடத் தேதிகளில் தோற்றதே அதிகம். ஒருவர் முதல் நேர்காணலில் தாம் பதினோரு நாள் அடைத்து வைக்கப்பட்டதாகவும், ஏழு மாதம் கழித்து நடந்த இரண்டாம் நேர்காணலில் இரண்டு வாரம் என்றும் சொல்லியிருந்தார். அந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி அதிகாரிகள் அவருடைய புகலிட விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அவருடைய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர், நான்காக மடிந்து மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருந்த மருத்துவமனைச் சீட்டு ஒன்றை விரித்து, மூலையில் மங்கிப்போயிருந்த இரண்டு தேதிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். அறைக்குள் பதினோரு நாள். அதன்பின் காவலோடு மருத்துவமனையில் மூன்று நாள். முதல் முறை அறையில் இருந்த நாள்களை மட்டும் எண்ணியிருக்கிறார், அடுத்த முறை வெளியே விட்ட நாள்வரை எண்ணியிருக்கிறார். மேல்முறையீட்டில் என் வாதத்தில் பாதி அந்தச் சீட்டுதான்.

எதைத் தேட வேண்டும் என்பது தெரிவதற்குச் சட்டம் எதைக் கேட்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. ஐ.நா. பொதுச்சபை 1984 டிசம்பர் 10 அன்று ஏற்றுக்கொண்டு, 1987 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்த சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின்படி, உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான வேதனை, அது வேண்டுமென்றே தரப்பட்டது என்பது, தகவல் பெறுவது, தண்டிப்பது, மிரட்டுவது போன்ற ஒரு நோக்கம், அதோடு அரசு அதிகாரியின் கை அல்லது அவருடைய சம்மதம், குறைந்தபட்சம் கண்டும் காணாத போக்கு ஆகியவை சேர்ந்தால்தான் அது சித்திரவதை. எனவேதான் "யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள்" என்பதோடு நில்லாமல், சீருடை இருந்ததா, என்ன வண்டி, எந்தக் கட்டடம், என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் கோப்பில் வேண்டியிருக்கிறது. அதே உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, சித்திரவதைக்கு ஆளாகக்கூடும் என்று நம்புவதற்கு வலுவான ஆதாரம் உள்ள நாட்டுக்கு எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஆகவே நடந்ததை மெய்ப்பித்துவிட்டால் பாதிக் கிணறுதான். திரும்பிப் போனால் இனியும் நடக்கக்கூடும் என்பதையும் காட்ட வேண்டும். ஊரில் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனதாக அக்கா அனுப்பிய குறுஞ்செய்தி, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த அழைப்பாணை ஆகியவற்றின் மதிப்பு அங்கேதான்.

ஆட்கடத்தல் வழக்குகளுக்கு அடிப்படை, ஆட்கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000இல் ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறை. அதில் மூன்று கூறுகள் உண்டு. ஒருவரைச் சேர்ப்பது, கொண்டுசெல்வது, ஒப்படைப்பது, தங்க வைப்பது, பெற்றுக்கொள்வது என்பன செயல், மிரட்டல், வலுக்கட்டாயம், ஏமாற்று, அதிகாரத்தையோ ஒருவரின் கையறு நிலையையோ தவறாகப் பயன்படுத்துதல் என்பன வழிமுறை, சுரண்டுவது நோக்கம். வழிமுறைகளில் ஒன்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டால், பாதிக்கப்பட்டவர் "சரி" என்று தலையாட்டியிருந்ததற்கு மதிப்பில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரானால் வழிமுறையைக் காட்டவே தேவையில்லை. செயலும் நோக்கமும் போதும். வயதைக் காட்டும் ஒரு பள்ளிச் சான்றிதழ் ஒரு வழக்கையே திருப்பிப்போடுவது இதனால்தான்.

கட்டாய உழைப்பின் அடையாளங்களாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 11 குறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அடையாள ஆவணங்களைப் பறித்து வைத்தல், கூலியைத் தராமல் இழுத்தடித்தல், கடனில் கட்டிப்போடுதல், வெளியே போகவிடாமல் தடுத்தல் ஆகியவை அவற்றில் அடங்கும். இவை ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு காகிதச் சுவடு இருக்கும். ஒரு பெண் தாம் வேலை செய்த நாள்களை நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் கோடு கோடாகக் கிழித்து வைத்திருந்தார். அதை அட்டவணையாக்கி, வீட்டுக்கு அவர் பணம் அனுப்பிய ரசீதுகளோடு ஒப்பிட்டு, தரப்படாத கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர். அது என்னால் முடிந்திருக்காது.

உங்கள் வேலை பெரும்பாலும் கால வரிசை தயாரிப்பதாக இருக்கும். மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை அது: முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் நிகழ்ச்சி, மூன்றாவதில் அது எங்கிருந்து கிடைத்தது என்பது. மூன்றாவது பத்தியைப் பலர் விட்டுவிடுவார்கள். நீங்கள் விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். "தங்கைக்குக் குழந்தை பிறந்த மழைக்காலம்" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். உதவுவதாக நினைத்துக்கொண்டு அதை "நவம்பர்" என்று மாற்றிவிட்டால், பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அக்டோபர் என்று இருந்து, பொய் சொன்னார் என்ற பழி அவர்மேல் விழும். சித்திரவதைக்கு ஆளானவர்களிடம் முழுத் துல்லியத்தை எதிர்பார்ப்பது அரிது என்று சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழு, சுவீடனுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எதிரான முறையீடுகளில் 1996இலேயே சொல்லிவிட்டது. ஆயினும் அந்த வாசகத்தை நான் எடுத்துக்காட்ட வேண்டிய நிலையே வராமல் இருப்பதுதான் நல்லது. இன்னொன்று: மறுப்புக் கடிதம் வந்தால் உறையைக் குப்பையில் போட விடாதீர்கள். மேல்முறையீட்டுக்கான கெடு சில நாள்கள்தான் இருக்கும். கடிதம் எப்போது அனுப்பப்பட்டது, எப்போது கைக்கு வந்திருக்கும் என்பதற்கு உறைமேல் இருக்கும் முத்திரையே சாட்சி.

மருத்துவச் சான்றும் உங்களிடம் வரும். இதற்கான பன்னாட்டுக் கையேடு இஸ்தான்புல் நெறிமுறை; 1999இல் உருவாக்கப்பட்டு, 2004இலும் 2022இலும் திருத்தப்பட்டது. "முதுகில் தழும்புகள் உள்ளன" என்று எழுதிய சான்றால் பயன் குறைவு. சொல்லப்பட்ட காரணத்தோடு அந்தத் தழும்பு பொருந்தவில்லையா, பொருந்துகிறதா, மிகவும் பொருந்துகிறதா, அவ்வகைச் செயலால் வழக்கமாக ஏற்படுவதுதானா, வேறெதனாலும் ஏற்பட்டிருக்க முடியாததா என்று ஐந்து படிகளில் மருத்துவர் கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறது அந்தக் கையேடு. மருத்துவருக்குக் கடிதம் எழுதும்போது இதைக் குறிப்பிட்டுக் கேட்பதும், போதிய நேரம் ஒதுக்கச் சொல்வதும், மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் ஆணா பெண்ணா என்பதில் அவருடைய விருப்பத்தைக் கேட்டு ஏற்பாடு செய்வதும் தன்னார்வலர்கள் செய்கிற வேலைதான். உடம்பில் தழும்பே இல்லையென்றால் சித்திரவதையே நடக்கவில்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். சுவடு தெரியாமல் செய்வதும் ஒரு தொழிலாகவே இருந்து வருகிறது.

செய்யக் கூடாதவை குறைவு, ஆனால் கண்டிப்பானவை. சட்ட ஆலோசனை சொல்லாதீர்கள். "நிச்சயம் கிடைத்துவிடும்" என்று ஆறுதலுக்காகக்கூடச் சொல்லாதீர்கள். போலிக் கடவுச்சீட்டில் வந்தேன், கடத்தியவர்கள் சொல்லி இன்ன குற்றம் செய்தேன் என்று ஒருவர் சொன்னால், முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொண்டு, வழக்கறிஞரிடம் அன்றைக்கே தெரிவியுங்கள். கட்டாயத்தின்பேரில் செய்த குற்றத்துக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்காமலிருக்க வழி வேண்டும் என்று ஆட்கடத்தலுக்கு எதிரான ஐரோப்பியப் பேரவையின் 2005ஆம் ஆண்டு உடன்படிக்கை 26ஆம் பிரிவில் சொல்கிறது. பிற இடங்களிலும் அதையொத்த வாதங்களுக்கு இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை வைக்க வேண்டிய நேரத்தில் வைக்க வேண்டும்.

மறுமொழி 2
பதிவிட்டவர்: இருமொழி

மேலே வழக்கறிஞர் ஐயா சொன்னவற்றோடு, மொழி தொடர்பாக மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன். இவ்வகை நேர்காணல்களில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து பழகியவன் நான். நீங்கள் தமிழும் ஆங்கிலமும் எழுதுவீர்கள் என்பதால் இது உங்களுக்குப் பயன்படும்.

"கடத்தல்" என்ற சொல்லிலேயே தொல்லை தொடங்குகிறது. தங்கத்தைக் கடத்துவதும் கடத்தல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதும் கடத்தல், எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக ஆளைக் கொண்டுபோய் விடுவதும் கடத்தல், ஏமாற்றிக் கொண்டுபோய் வேலையில் கட்டிப்போடுவதும் கடத்தல். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன, சட்ட விளைவுகளும் வெவ்வேறு. "உங்களைக் கடத்தினார்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, நானேதான் போனேன், ஏஜென்ட் நல்லவர்தான்" என்று பதில் வரும். அந்த "இல்லை" தட்டச்சில் ஏறிவிட்டால் அழிப்பது கடினம். வேலை எப்படிக் கிடைத்தது, யார் பணம் கட்டினார், பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது, கதவுச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டால் அதே மனிதர் எல்லாவற்றையும் சொல்வார்.

"அவங்க அடிச்சாங்க" என்பது இன்னொன்று. பலரா, ஒருவரா? அதிகாரி ஒருவரை மரியாதையாகக் குறிப்பிடுகிற பழக்கம் அடித்தவரைப் பற்றிச் சொல்லும்போதும் நம் நாவைவிட்டுப் போவதில்லை. முதல் வாக்குமூலத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் பன்மையிலும், அடுத்ததில் இன்னொருவர் ஒருமையிலும் எழுதிவிட, "எத்தனை பேர் அடித்தார்கள் என்பதில் மாற்றிப் பேசுகிறார்" என்று மறுப்புக் கடிதத்தில் வந்ததை நானே படித்திருக்கிறேன். அவர் மாற்றிப் பேசவில்லை. இரண்டு முறையும் "அவங்க" என்றே சொல்லியிருக்கிறார்.

உடலுறுப்புகளும் அப்படியே. நமக்குத் தோள்முதல் விரல்நுனிவரை கை, இடுப்புக்குக் கீழே எல்லாம் கால். "கால்ல அடிச்சாங்க" என்றால் தொடையா, முழங்காலுக்குக் கீழா, உள்ளங்காலா? உள்ளங்காலில் அடிப்பது சித்திரவதை முறைகளில் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. அதன் பின்விளைவுகள் நடையில் தெரியும். அது ஆங்கிலத்தில் வெறும் "கால்" என்று போய்ச் சேர்ந்தால், மருத்துவர் தேட வேண்டிய இடத்தைத் தேடமாட்டார். நான் மனித உடலின் வெற்று வரைபடம் ஒன்றை எப்போதும் எடுத்துச் செல்வேன்; விரல் வைத்துக் காட்டச் சொன்னால் ஐயமே வராது, வாயால் சொல்லக் கூசுகிறவர்களுக்கும் அது எளிது. "விசாரிச்சாங்க" என்பதன் உள்ளே என்னவெல்லாம் நடந்தது என்று தனியாகக் கேட்க வேண்டும். "தொந்தரவு பண்ணினாங்க", "கெடுத்துட்டாங்க" போன்ற சொற்கள் வந்தால் நீங்கள் மேலே தோண்டாதீர்கள், பெரிய சொல்லாக மாற்றியும் எழுதாதீர்கள். சொன்ன சொல்லை மேற்கோளுக்குள் அப்படியே எழுதி, வழக்கறிஞரின் கவனத்துக்கு என்று குறித்து வையுங்கள்.

உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதாலேயே அவசரத்துக்கு உங்களை மொழிபெயர்க்கச் சொல்வார்கள். சந்திப்பு நேரம் சொல்வது, முகவரி கேட்பது போன்றவற்றுக்குச் செய்யலாம். வாக்குமூலத்துக்குச் செய்யாதீர்கள், அது பயிற்சி பெற்றவர் வேலை. கூட வந்த உறவினரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்கவே கூடாது. மொழிபெயர்ப்பாளர் அவருடைய ஊர்க்காரராக இருந்தால் நல்லது என்று நாம் நினைப்போம். செய்தி ஊருக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தால் அவர் வாயே திறக்காமல் போகலாம். முன்கூட்டியே அவரிடமே கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 3
பதிவிட்டவர்: நான்கு மாதம்

எல்லோரும் வரவேற்கிறீர்கள், ஒருவராவது தடுத்துச் சொல்ல வேண்டும். நான் இப்படி ஓர் அமைப்பில் சேர்ந்து நான்கு மாதத்தில் விலகியவன். சேர்ந்த இரண்டாவது வாரம், பயிற்சி எதுவும் தராமல், ஓர் இளைஞரின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளச் சொல்லி அறைக்குள் அனுப்பினார்கள். அவர் மூன்று மணி நேரம் சொன்னார். நான் ஒன்பது பக்கம் எழுதினேன். வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட்டு, முக்கியமான எதுவும் கேட்கப்படவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்றார். ஏற்கெனவே எல்லை அதிகாரிகளிடம் ஒருமுறை சொன்னவர் அவர். என்னிடம் சொன்னது இரண்டாவது. மூன்றாவது முறை சொல்லும்போது பாதியில் எழுந்து போய்விட்டார், அப்புறம் வரவேயில்லை. அன்று நடந்ததில் என் பங்கு என்ன என்று இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகையால் படிவத்தை அனுப்புவதற்கு முன் நீங்கள் அவர்களைக் கேளுங்கள். பயிற்சி எத்தனை நாள், என் வேலையைத் தினமும் பார்த்துத் திருத்துபவர் யார், கனமான ஒரு கோப்பைப் படித்த நாளில் நான் யாரிடம் பேசலாம், கோப்பு எங்கே பூட்டப்படுகிறது, சாவி யாரிடம். ஆட்கடத்தலுக்கு ஆளான பெண்களை நேர்காண்பது பற்றி உலகச் சுகாதார அமைப்பு 2003இல் வெளியிட்ட வழிகாட்டியில் 10 நெறிகள் உண்டு. தீங்கு செய்யாதே என்பது முதலாவது. அதைப் படித்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே தெரிந்துவிடும். பதில் மழுப்பலாக இருந்தால் சேராதீர்கள். பதிவேட்டில் உங்களுக்கு இருக்கும் திறமைக்கு வேறு அமைப்பு கிடைக்கும்.

பதிவேட்டுக்காரி

மூவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மறுமொழி 3இல் சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டேன். அழுகை பற்றியும் அந்தக் கட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தேன். யாரேனும் சொல்ல முடியுமா? இன்னொரு கேள்வியும் எழுகிறது: வழக்கு எப்படி முடிந்தது என்பதை நமக்குச் சொல்வார்களா?

மறுமொழி 4
பதிவிட்டவர்: உளநலப் பணி

கண் கலங்குவதில் தவறில்லை, அம்மா. சொல்பவர் நிறுத்திவிட்டு உங்களைத் தேற்றத் தொடங்கும் அளவுக்கு அழுதால்தான் சிக்கல். அப்போது சுமை இடம் மாறிவிடுகிறது. அப்படி வரும்போல் இருந்தால் "ஒரு நிமிடம் இடைவெளி விடலாமா?" என்று இருவருக்குமாகச் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். நேரில் கேட்பதைவிடத் தனியாக உட்கார்ந்து கோப்புகளைத் தொடர்ந்து படிப்பதுதான் பலரை வாட்டுகிறது என்பது நான் கண்டது. தூக்கம் கெடுவது, படித்த காட்சி சம்பந்தமில்லாத நேரத்தில் மனத்தில் வருவது, வீட்டில் எரிந்து விழுவது ஆகியவை தொடங்கினால் மறைக்காமல் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள்.

அந்தக் கட்டம் உங்களைத் தள்ளிவிடுவதற்காக இருக்கக் கூடாது. உங்கள் காயத்தைத் தொடும் வகை வழக்குகளை உங்களிடம் தராமல் இருப்பதற்கும், தேவையானால் ஆதரவை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதற்கும் நல்ல அமைப்புகள் அதைக் கேட்கின்றன. "நேரில் சொல்கிறேன்" என்று எழுதலாம். சொல்ல விரும்பவில்லை என்றும் எழுதலாம். அதை மதிக்காத இடம் உங்களுக்கு ஏற்றதன்று.

மறுமொழி 5
பதிவிட்டவர்: பெயர் வேண்டாம்

நான் மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருந்தவள். என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு உதவிய தன்னார்வலர் அம்மா ஒருவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு அது பதிலாக இருக்கலாம்.

முதல் நாள் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் கோப்பை ஏற்கெனவே படித்துவிட்டதாகவும், மீண்டும் நான் எதையும் சொல்லத் தேவையில்லை என்றும், இன்று இரண்டு காகிதங்கள் பற்றி மட்டும் பேசலாம் என்றும் சொன்னார். அறையில் எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்டார். கதவு தெரியும்படி உட்கார்ந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலி எனக்காகக் காலியாகவே இருந்தது.

கையெழுத்துப் போட நான் மறுத்தேன். முன்பு படிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கித்தான் என்னைக் கடன்காரியாக்கினார்கள். அது அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஏன் என்று கேட்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்து, மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, பதினான்கு பக்கத்தையும் வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டச் செய்தார். ஐந்தாம் பக்கத்தில் ஒரு பெயர் தவறாக இருந்தது. நான் சொன்னதும் அதை அடித்துவிட்டுச் சரியான பெயரை எழுதி, பக்கத்தில் என்னைச் சுருக்கொப்பம் இடச் சொன்னார். நான் சொல்லி ஒரு காகிதத்தில் ஒன்று மாறியது அன்றைக்குத்தான். மறு வாரம் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை எனக்கும் கொடுத்தார்.

ஒருமுறை வரமுடியாது என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லியனுப்புவார். ஆறு மாதம் முடியப் போகிறது என்பதை நான்காம் மாதத்திலேயே சொல்லிவிட்டார். திடீரென்று காணாமல் போகாத முதல் ஆள் அவர்.

வழக்கின் முடிவைக் கேட்டிருந்தீர்கள். அந்த அம்மாவுக்கு என் வழக்கின் முடிவு தெரியாது. அவர் போய் ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் முடிவு வந்தது. சொல்லியனுப்பச் சொல்லி அலுவலகத்தில் கேட்டேன், தன்னார்வலர்களின் தொடர்பு விவரத்தைத் தர இயலாது என்றார்கள். அது சரிதான் என்று இப்போது புரிகிறது.

மறுமொழி 6
பதிவிட்டவர்: மேல்முறையீடு

மேலே எழுதியவருக்கு என் வணக்கம். விதி அப்படித்தான் இருக்கிறது, ஆனால் தொடர்பு விவரத்தைத் தராமலேயே அலுவலகம் அவருக்குச் செய்தியைத் தெரிவித்திருக்கலாம்; உங்கள் சம்மதம் எழுத்தில் இருந்தால் போதும். இப்போதும் செய்யலாம். நீங்கள் விரும்பினால் அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். பழைய தன்னார்வலர்களின் முகவரி வழக்கமாகக் கோப்பில் இருக்கும்.

பதிவேட்டுக்காரி அம்மா, இதற்கும் ஒரு வேலை உங்களிடம் இருக்கிறது. நீங்கள் சேரும் இடத்தில், வழக்கின் முடிவைத் தன்னார்வலருக்குத் தெரிவிக்கலாமா என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்கும் ஒரு வரி ஒப்புதல் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் படிவத்தில் இல்லை. நாளைக்கே சேர்க்கச் சொல்கிறேன்.